பாய்லருக்கு உயிர் கொடுத்த நாலு கேள்வி டீச்சர்

உலகத்தில் உள்ள அத்தனையையும் இரண்டே கூடைக்குள் அடக்கிவிடலாம் என்று நம்பிய ஒரே மனுஷி எங்கள் நாலு கேள்வி டீச்சர்தான். திருவானைக்காவலில் என் மகன் கவினுக்கு யுகேஜி வகுப்பு எடுத்தவர். சாப்பிடுமா, மூச்சு விடுமா, வளருமா, தானாக அசையுமா? நான்குக்கும் ஆமாம் என்றால் உயிருள்ளது, பச்சைக் கூடை. இல்லையென்றால் உயிரற்றது, சிவப்புக் கூடை. மூன்றாவது கூடைக்குப் பேச்சே இல்லை.

பள்ளி விட்டாலும் பாடம் விடாது. ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர், "காவேரிப் பாலம் ஏறுறதுக்குள்ள வண்டிக்கு மூச்சு வாங்குது" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"பஸ்ஸுக்கு மூச்சு கிடையாதுங்க. சின்னப் பிள்ளைங்க காதுல விழுந்தா அப்படியே பதிஞ்சிரும்" என்றார் டீச்சர். கண்டக்டர் சொன்னதை வாபஸ் வாங்குவதற்குள் டீச்சர் இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது. இட்லி மாவு பொங்குகிறதே, அது வளர்ச்சி இல்லையா என்று கேட்ட ஒரு அப்பாவுக்குப் பள்ளி வாசலிலேயே அரை மணி நேரம் வகுப்பு நடந்தது. அந்த அப்பா நான்தான்.

இப்படிப்பட்டவரிடம், வீட்டில் உள்ள உயிரற்றவை மூன்று சொல் என்ற கேள்விக்கு என் மகன் சொன்ன பதில்: கட்டில், ஃபேன், தாத்தா.

டீச்சர் என்னை வரச் சொன்னார். "ஏன்டா கண்ணுன்னு கேட்டேன் சார். தாத்தா பேசமாட்டாரு, அசையமாட்டாருங்கறான்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. என் அப்பா பாய்லர் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் அவர் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்கும். அம்மா போன பிறகு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவே. உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இப்படியே போய்விடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

"சின்னப் பையன் சொன்னது, விடுங்க டீச்சர்."

"எப்படிங்க விடறது? ஒரு மனுஷன் தப்பான கூடையில இருக்காரு."

அந்தச் சனிக்கிழமையே ஏழெட்டுப் பிள்ளைகள், இரண்டு கூடைகள், ஒரு கட்டுப் படங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு பெண் குழந்தை அப்பாவின் நெஞ்சில் காது வைத்து, "அடிக்குது டீச்சர்" என்றது. "கடிகாரமும்தான் அடிக்குது" என்றான் கவின். ஒரு பயல் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினான். அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் அதே கதை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது, டீச்சருக்குப் போகவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு படத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இது பாய்லர். நிலக்கரி சாப்பிடுது, புகையா மூச்சு விடுது. அதனால உயிருள்ளது." மீதி இரண்டு கேள்விகளைக் கேட்கவே இல்லை. படம் பச்சைக் கூடைக்குப் போனது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரும்மா சொன்னது?"

அப்பாவின் குரல். எத்தனையோ மாதம் கழித்துக் கேட்கிறேன்.

"அதுக்கு ஏது உசுரு? நாங்க வெல்டு வச்சுச் செஞ்சது அது. ஆளு பத்த வச்சாதான் எரியும். உன்னையெல்லாம் யாரு டீச்சராக்குனது?"

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாங்க. தப்புன்னா நீங்களே வந்து மாத்தி வைங்க."

கூடைகள் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தன. அப்பா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். தள்ளாடி நடந்துபோய்ப் படத்தை எடுத்துச் சிவப்புக் கூடையில் போட்டார். அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்து, பாய்லரை எப்படிச் செய்வது, எப்படி எரியவைப்பது என்று மதியச் சாப்பாடு வரை விளக்கினார்.

வாசலில் டீச்சரிடம், "வேணும்னுதானே தப்பாச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை மொத வேலையா கிளாஸ்ல திருத்திச் சொல்லிருவேன் சார்" என்றார். முகத்தில் பெரிய பாவம் செய்துவிட்ட வாட்டம்.

அப்பா இப்போது தினமும் கடைத்தெரு வரை நடந்து போய்வருகிறார். திரும்பி வந்ததும் காய்கறி வாங்கத் தெரியாதவன் என்று என்னைத் திட்டுகிறார். அந்தத் திட்டு காதில் விழும்போதெல்லாம், அந்த டீச்சரம்மா நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும் என்று மனசு வேண்டிக்கொள்கிறது.