அன்னப்படகில் கோதண்டராமன் வலம்வந்த படலம்

பௌர்ணமிதோறும் அண்ணாமலையைச் சுற்றிச் சுற்றித் தார்ச்சாலையையே தேய்த்த தாளினனும், அடி அண்ணாமலைத் தேங்காய்க்கடையின் தனிப்பெருந்தலைவனும், தங்கை வீட்டுத் தீர்ப்புகள் அனைத்தையும் தானே வழங்கும் தன்னிகரில்லாத் தாய்மாமனுமாகிய கோதண்டராமன் வாழ்க. அவன் தோளில் கிடந்த துண்டும் வாழ்க.

அவன் வடக்கே வந்தது ஊர் பார்க்கவா? அன்று. தங்கை மகள் இனியா, அக்குலத்தில் முதன்முதலாய்ப் பட்டம் வாங்கியவள், கோடு கிழித்துக் கட்டங்கட்டமாய்க் கட்டிய அந்நகரில் புதிதாய் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பெண்பிள்ளை தனியே இருக்கத் தக்க ஊர்தானா என ஆராய்க, இல்லையேல் கையோடு அழைத்து வருக என்பது அவள் தந்தையின் ஆணை. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் அக்குலத்தில் இல்லை. வந்த நாள் முதல் ஆராய்ந்தும் மாமன் தீர்ப்பு வழங்கினானில்லை. ஊர் திரும்பும் முந்தைய மாலை, நகரின் நெஞ்சில் மனிதர் தோண்டிய ஏரிக்கு அவனை அழைத்துப்போனாள்.

கழுத்து வளைந்த வெள்ளை அன்னமாய்ச் செய்த மிதிபடகொன்றில் இருவரும் ஏறினர். திருப்பும் கைப்பிடியை மாமன் செங்கோலெனப் பற்றினான். ஏரி நடுவே நீரூற்றொன்று விண்முட்ட எழக் கண்டு திருவாய் மலர்ந்தான்:

"நடுவுல ஒண்ணு நிக்குதுன்னா வலமாதாம்மா சுத்தணும். இடமா சுத்துறது சாவு வீட்டு வேல."

"மாமா, அம்புக்குறி போட்டிருக்கான். எல்லாரும் அந்தப் பக்கமாதான் போறாங்க."

"அவனுங்களுக்கு இன்னா தெரியும். நீ மிதி."

மிதித்தாள். இருவர் மிதிகட்டையும் ஒரே அச்சில் பூட்டியவை ஆதலின், அவள் தொடை நோக மிதிக்க, மாமனின் பாதங்கள் பல்லக்கேறிய சாமிபோல் சும்மா சுழன்றன, அவனோ பாற்கடலைத் தானே கடைவதாய் எண்ணி, "பாத்தியா மாமன் கால?" என மார்தட்டினான். அந்தோ, கதிர் சாய, அம்புக்குறி காட்டிய வழியே திரும்பிய அன்னப்படை முழுதும் வியூகம் வகுத்து எதிர்வந்தது. முட்டிற்று ஒரு படகு, மோதிற்று இன்னொன்று, இந்தி வசைகள் கணைமாரியெனப் பொழிந்தன. பொருள் தெரியாத வீரன் அவற்றைப் புகழுரையெனக் கொண்டு கைகூப்பினான்.

அக்கணத்தே இனியா தன் இரு கால்களையும் தூக்கி இருக்கைமேல் சம்மணமிட்டாள்.

படகு நின்றது. மாமன் மிதித்தான், முக்கினான், மூச்சிரைத்தான். அன்னம் ஒரு சாண் நகர்ந்து அயர்ந்தது. கரையில் விசில் முழங்கிற்று.

"மிதிம்மா. ஊதுறான் பாரு."

"இவ்ளோ நேரம் நீங்கதான மாமா மிதிச்சீங்க. மிதிங்க."

"உங்கப்பன் கேட்டா நான் இன்னாத்த சொல்றது?"

"அதத்தான் இப்பவே போன் போட்டு சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்னு சொல்லுங்க. மிதிக்கிறேன்."

எத்தனையோ பஞ்சாயத்தில் வளையாத அந்நாவு, முழங்கால் ஆழமோ முதலை ஆழமோ என்றறியாத நீரின் நடுவே வளைந்தது.

"மச்சான், ஊரு பரவால்ல. பொண்ணு இருக்கட்டும். இல்ல மச்சான், ஜாஸ்தி பேச முடியல, நடு ஏரில நிக்கிறேன்."

இறங்கின அவள் கால்கள்; கைம்மாறிற்று கைப்பிடி; சிங்கம் பூட்டிய தேர்போல், எதிர்ப்பட்ட அன்னங்கள் இருமருங்கும் விலக, நுரை சிதற, ஊற்று நனைக்க, இடமாகவே சுற்றிக் கரைகண்டாள் இனியா.

அங்கே அவள் டீ வாங்கிக் கொடுத்தாள். சர்க்கரை கம்மி என்றார் மாமா.