தைல ராவுத்தரும் மூக்கடைத்த இன்ஸ்பெக்டரும்

கொடைக்கானல் மலையில் அந்தக் காலத்தில் கலப்படமே இல்லாமல் கிடைத்த பொருள் ஒன்றுதான்: தைல ராவுத்தரின் பிடிவாதம். மற்ற எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று கலந்திருக்கிறது என்பது அவருடைய கட்சி. பாலில் தண்ணீர், தேயிலைத் தூளில் இரும்புத் தூள், மிளகில் பப்பாளி விதை, மனிதனில் என்னென்னவோ. கலந்த பொருள் கையில் அகப்பட்டால் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். பிரிக்க முடியாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்குப் பெயர் இருந்தது. அலுவலகக் கோப்பில் நானே அதைப் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன். ஆனால் பஜாரிலிருந்து வட்டக்கானல் வரை ஒருவரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சித் தைலம் எடுத்தார். ஆகவே தைல ராவுத்தர்.

வட்டக்கானல் போகும் பாதையில் சோலைக்காட்டு ஓரமாக அவருடைய தகரக் கொட்டகை. உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு செப்புக் கொப்பரை. அதில் தண்ணீரையும் இலையையும் போட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, அடியில் தீ வைப்பார். ஆவி ஒரு குழாய் வழியாகக் குளிர்ந்த நீர்த் தொட்டிக்குள் புகுந்து, மறுபக்கம் தண்ணீரும் தைலமுமாகச் சொட்டும். டப்பாவில் தைலம் மேலே மிதக்கும், தண்ணீர் கீழே நிற்கும். தினமும் பார்த்த காட்சிதான். ஆனாலும் தினமும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். "யாரும் சொல்லாமலே ரெண்டும் தனித்தனியா ஒதுங்கிக்கிருச்சு பாருங்க தம்பி. மனுசப் பயலுக்கு இந்த மரியாதை தெரியுதா?" என்பார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வேதியியலில் பட்டம் வாங்கியிருந்தேன். சர்க்கார் அந்தப் பட்டத்துக்கு மதிப்புக் கொடுத்து, எரிசாராய அனுமதிச் சீட்டுகளைப் பார்க்கும் எழுத்தராக என்னை மலைமேல் உட்கார வைத்தது. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். மருத்துவமனையானாலும் அச்சகமானாலும் ஒரு புட்டி எரிசாராயம் வேண்டுமென்றால் என் மேசைக்குத்தான் வர வேண்டும். வந்த விண்ணப்பங்களில் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. மேலதிகாரிகள் மத்தியில், அதாவது.

ராவுத்தரை நான் முதலில் பார்த்தது பஜார் டீக்கடையில். டீ சொன்னார். டிகாஷன் தனி, பால் தனி, சீனி தனியாக மூன்று டம்ளர்கள் வந்தன. பக்கத்தில் இருந்தவர் காரணம் கேட்டார். சேர்த்துக் கொடுத்தால் எது எம்புட்டு என்று யார் சொல்வது என்று பதில் வந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து நூல் கட்டிய காந்தத் துண்டு ஒன்றை எடுத்தார். கடைக்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் அதைத் தேயிலை டின்னுக்குள் இறக்கி, மெதுவாகத் தூக்கினார். காந்தத்துக்கு இரும்புத் தூளில் தாடி முளைத்திருந்தது. அதை வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் மூக்குக்கு நேராகவும் காட்டிக்கொண்டே போனார்.

கடைக்காரர் கும்பிட்டார். "ராவுத்தரய்யா, இனிமே ஒங்களுக்கு டீயைக் கொட்டகைக்கே அனுப்பி விடுறேன். மூணு டம்ளராவே அனுப்புறேன். கடைப்பக்கம் மட்டும் வந்துறாதீங்க."

அடுத்த சனிக்கிழமையே நான் கொட்டகைக்குப் போய்விட்டேன். அதன் பிறகு சனிக்கிழமைகளில் வேறெங்கும் போனதில்லை.

உலோகங்களைப் பற்றி அவர் பேசினால் சொந்தக்காரர்களைப் பற்றிப் புறம் பேசுவது போலிருக்கும். இரும்பு ரோஷக்காரன், கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், சிவந்து உதிர்ந்துவிடுவான். செம்பு பொறுமைசாலி, ஆனால் புளியைக் கண்டால் மனதிலுள்ளதையெல்லாம் கொட்டிவிடுவான். வெள்ளிக்கு முட்டை ஆகாது, முகம் கறுத்துப் போகும். தங்கம் யாரோடும் ஒட்டுவதில்லை, அதனால்தான் அதற்கு அத்தனை மரியாதை. ஒரு கொல்லர் செப்புக் குழாயில் இரும்புத் துண்டு ஒன்றை வைத்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். நாலே மாதத்தில் இரும்பு அரித்துச் சல்லடையாகிவிட்டது. கொல்லர் தண்ணீரைக் குறை சொன்னார். ராவுத்தர் ஒப்புக்கொள்ளவில்லை. "ரெண்டு பேரை ஒட்டவச்சு ஈரத்துல போட்டா எளியவன்தான் கரைவான். தண்ணி என்ன செய்யும்?"

உப்பையும் சீனியையும் அவர் விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. "உப்பு இருக்கே தம்பி, அது ஒருத்தன் குடுத்து ஒருத்தன் வாங்கி உண்டான சம்பந்தம். தண்ணியில போட்டதும் அவனவன் அவனவன் பாதையில போயிருவான். சீனி அப்படியில்ல. அது கூட்டுக்குடும்பம், எல்லாம் பொதுவுல கெடக்கு. தண்ணியில கரைஞ்சாலும் குடும்பத்தோடதான் சுத்தும்."

இதையே எனக்குக் கல்லூரியில் மூன்று வாரம் நடத்தினார்கள். பரீட்சைத் தாளில் நான் எழுதியது இவ்வளவு தெளிவாக இல்லை. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். ஒரு பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருஷம் கண்ணாடிக் குழாய்கள் கழுவினாராம். கழுவுகிறபோது கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருந்தது என்றார்.

இந்த மனிதருக்கு எரிசாராயம் தேவைப்பட்டது. குடிக்க அல்ல. அதைத் தொட்ட விரலை மூன்று தடவை கழுவுகிறவர் அவர். சுத்தமான யூகலிப்டஸ் தைலத்தை அளவாகத் தண்ணீர் சேர்த்த எரிசாராயத்தில் விட்டால் தெளிவாகக் கரைந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கரையாது, பால்போல் கலங்கும். கலப்படத் தைலத்தைக் கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த மிக நேர்மையான வழி அது. முறைப்படி என்னிடம் விண்ணப்பித்தார். படிவத்தில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் 'உண்மையை அறிய' என்று எழுதியிருந்தார்.

அனுமதிக்கத்தக்க நோக்கங்களின் பட்டியல் என்னிடம் இருந்தது. அதில் உண்மை இல்லை. திருப்பி அனுப்பினேன். இரண்டாம் முறை 'பொய்யைக் கண்டுபிடிக்க' என்று எழுதி வந்தது. அதுவும் பட்டியலில் இல்லை. மூன்றாம் முறை 'மேற்படி'. நான்காம் முறை மறுபடியும் 'உண்மையை அறிய' என்றே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார். அதைத் திருப்பி அனுப்பக்கூட அலுத்துப்போய் மேசையிலேயே வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை அவர் கொட்டகையில் உட்கார்ந்து கதை கேட்பேன், திங்கட்கிழமை அவர் விண்ணப்பத்தின் மேல் மற்றக் கோப்புகளை அடுக்குவேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று உண்மையாகவே நம்பினேன்.

இப்படிப் பதினோரு மாதம் போயிற்று. அவர் காத்திருக்கவில்லை. சீட்டு வரும்வரை கலப்படக்காரன் காத்திருப்பானா என்று கேட்டு, எங்கிருந்தோ ஒரு புட்டி வாங்கிக் கொட்டகை அலமாரியில் வைத்துக்கொண்டார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். சீட்டில்லாமல் அந்தப் புட்டி பிடிபட்டால் ராவுத்தருக்குச் சிறை, கொப்பரைக்குக் கோடாலி. அந்தக் கொப்பரை போனால் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பிழைப்பு இல்லை. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தெரிந்திருந்தும் ஒரு நாள் அந்தப் புட்டியோடு பஜாருக்குப் போனார். தைலம் விற்கும் ஒரு கடைக்காரரின் சரக்கை அவர் கடை வாசலிலேயே சோதித்துக் காட்டினார். சோதனைக் குழாய்க்குள் வெள்ளைவெளேரென்று கலங்கியது. கூட்டம் பார்த்தது. பத்தே நாளில் ஒரு மொட்டை மனு வந்தது: ராவுத்தர் தைலம் என்ற பெயரில் சாராயம் காய்ச்சுகிறார்.

அப்போதுதான் சமவெளியிலிருந்து புது மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்திருந்தார். மலைப்பாதையின் முதல் வளைவிலேயே ஜலதோஷம் பிடித்து, வந்து பன்னிரண்டு நாளாகியும் மூக்கு திறக்கவில்லை. கம்பளிக்குள்ளிருந்து கண்கள் மட்டும் தெரியும். ஒரு நாள் காலையில் நேராக என் மேசைக்கு வந்து, சோதனை விவரத்தை மகஜராக எழுத ஆள் வேண்டும் என்று என்னை ஜீப்பில் ஏற்றினார். எங்கே போகிறோம் என்று வண்டி வட்டக்கானல் பக்கம் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

கொட்டகைக்கு ஒரு பர்லாங்குக்கு முன்பே தைல வாசனை மூஞ்சியில் அடித்தது. கூட வந்த கான்ஸ்டபிள் ஆனந்தமாக மூச்சை இழுத்தார். இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் எட்டவில்லை. அவருக்கு இருந்தது கண் மட்டும். கண்ணில் பட்டது செப்புக் கொப்பரை, குழாய், சொட்டுப் பிடிக்கும் டப்பா, மூலையில் ஒரு பீப்பாய் நிறைய இலை வெந்த பழுப்புத் தண்ணீர். சாராயம் காய்ச்சுகிற இடத்தில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் இருந்தது. அந்தப் பீப்பாயைக் காட்டி, சாராய ஊறல் என்று எழுதச் சொன்னார். கோடாலியைக் கொண்டுவரச் சொன்னார்.

உடைப்பதற்கு முன் கருவியை இயக்கி, என்ன வடிகிறது என்று குறிக்க வேண்டும் என்றேன். அப்படி ஒரு விதி உண்டு. யாரும் அதைக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

ராவுத்தர் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்கய்யா. இப்பத்தான் இலை போட்டிருக்கு, மூணு மணி நேரமாகும். வேற சோலி இருந்தா வெரசா பாத்துட்டு வாங்க."

இன்ஸ்பெக்டருக்குக் குளிர். அடுப்பை ஒட்டி உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலேதான் மூடியின் களிமண் வெடித்து ஆவி கசிந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே மூடுபனி இறங்கியது. கான்ஸ்டபிள் இலைக் குவியலில் சாய்ந்து கண்ணை மூடினார். இரண்டாவது மணி நேரத்தின் நடுவில் இன்ஸ்பெக்டர் தும்மினார். பிறகு நிறுத்தவில்லை. தகரக் கூரை அதிர, பதினேழு தும்மல். கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்தார். முகம் மாறியது.

"தைலம்யா இது."

"ஆமாங்கய்யா" என்றார் கான்ஸ்டபிள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஜீப்புல வரும்போதேங்க."

"ஏன்யா சொல்லலை?"

"ஐயா கேக்கலீங்களே."

பன்னிரண்டு நாளாக வேலை செய்யாத மூக்கு, விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் எழுந்து கொட்டகையைச் சுற்றி மோந்துகொண்டே நடந்தார். அலமாரி முன்னால் நின்றார். புட்டியை எடுத்துத் திறந்தார். அந்த ஆவியிலிருந்து அவருடைய மூக்கைக் காப்பாற்றியிருக்கலாமே என்று நான் நினைத்தேன்.

"இது என்ன?"

தின்னர் என்று சொல்லலாம். மருந்து என்று சொல்லலாம். "எரிசாராயந்தாங்க" என்றார் ராவுத்தர். யாரும் கேட்காமலேயே இரண்டு குழாய்களை எடுத்து, ஒன்றில் தம் தைலத்தையும் மற்றொன்றில் பஜார்த் தைலத்தையும் விட்டு, மேலே எரிசாராயத்தை ஊற்றிக் குலுக்கினார். ஒன்று கண்ணாடிபோல் நின்றது. மற்றது கலங்கியது. இன்ஸ்பெக்டர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் கேட்டார்.

"சீட்டு இருக்கா?"

"இல்லைங்க."

"கேட்டீங்களா?"

ராவுத்தர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். ஊரிலுள்ள கலப்படக்காரர் ஒவ்வொருவரையும் தெருவில் நிறுத்திப் பெயர் சொன்ன மனிதர். என் பெயரைச் சொல்ல அரை விநாடி போதும்.

"கேட்டேங்க. எம்மேலதான் தப்பு. நாலு தடவையும் எனக்குச் சரியா எழுதத் தெரியலை."

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அது. கான்ஸ்டபிள் கோடாலியைக் கையில் எடுத்தார். நான் பேனாவை மூடினேன்.

"ஐயா, விண்ணப்பம் சரியாத்தான் இருக்கு. பதினோரு மாசமா என் மேசையில கெடக்கு. நிறுத்தி வச்சது நான்."

ஏன் என்றார். நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தது என்பதையும், அது பட்டியலில் இல்லை என்பதையும் சொன்னேன். கையில் இரண்டு குழாய்களோடு நின்ற இன்ஸ்பெக்டரிடம் அதைச் சொன்னபோது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் குழாய்களை மெதுவாகக் கீழே வைத்தார். கோடாலியை ஜீப்பில் போடச் சொன்னார். மகஜரில் எழுத வேண்டியதை அவர் சொல்லச் சொல்ல, என் கையாலேயே எழுதினேன்: வடிந்தது தைலம். எரிசாராயம் சோதனைக்கானது. அனுமதிக்கு முறைப்படி விண்ணப்பித்தும், சம்பந்தப்பட்ட எழுத்தரின் காரணமற்ற தாமதத்தால் சீட்டு வழங்கப்படவில்லை. 'காரணமற்ற' என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார், நான் விட்டுவிடுவேனோ என்று.

அடுத்த வாரம் விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. அதற்கு மறுநாள் ராவுத்தருக்குச் சீட்டு போனது. நோக்கம்: உண்மையை அறிய. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். பட்டியலை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே சீட்டோடு என் மேசைக்கு வந்தார். பிழை இருக்கிறதாம். கருவியின் உலோகம் என்ற இடத்தில் நான் 'செம்பு' என்று எழுதியிருந்தேன். குழாயின் உட்புறம் ஈயம் பூசியது, அதைக் குறிக்க வேண்டும் என்றார். திருத்திச் சுருக்கொப்பம் வைத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்தார், ஆனால் போகவில்லை.

"தம்பி, அன்னைக்கு நீங்க ஏன் வாயைத் தொறந்தீங்க? ஒங்க வேலைக்கு ஆபத்தாப் போயிருக்குமே."

நடைமுறைப்படிதான் செய்தேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். முப்பத்திரண்டு வருஷம் சர்க்காரில் இருந்து எல்லா நடைமுறைகளையும் படித்தேன். அப்படி ஒன்று எதிலும் இல்லை.