கிரீஸ் போனவர் வீட்டுத் தாளிப்பு

கடுகு வெடிக்கத் தொடங்கியதும் அருள்பிரகாசம் பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தார்.

"பூரணி, கிரீஸ்ல இருக்கிறவுக வீட்டுல, காரைக்குடியில கடுகு வெடிக்கலாமா?"

"அப்பத் தாளிக்காத குழம்பையே தின்னுங்க," என்றாள் ஞானபூரணி.

ஊரைப் பொறுத்தவரை அவர்கள் இருவரும் கிரீஸில், மகள் மரிய அனிதா வீட்டில் இருந்தார்கள். உண்மையில் சொந்த வீட்டுக்குள்ளேயே, ஜன்னல்களை எல்லாம் சாத்திக்கொண்டு, திருடர்களைப் போல நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் அந்த விசாவால் வந்த வினை. சொந்த வருமானத்தில் காலம் தள்ளக்கூடியவர்களுக்கு அந்த நாடு தரும் நீண்டகால விசா அது. பென்ஷனைக் காட்டினால் போதும். ஆனால் அங்கே போய் எந்த வேலையும் பார்க்கக் கூடாது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அருள்பிரகாசம் இதைச் சொன்ன அன்று தெருவே வாயைப் பிளந்தது.

"சவுதிக்கும் மலேசியாவுக்கும் வேலை பாக்கப் போனவுகளத்தான் பாத்திருக்கேன்," என்றார் பக்கத்து வீட்டு மீரான் சாகிபு, தம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே. "வேலையே பாக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வெளிநாடு போற மொத ஆளு நீங்கதான் சார்!"

அந்தப் பெருமை சாரின் தலைக்கு ஏறிவிட்டது. பாஸ்போர்ட்டைப் போகிற வழியில் சென்னையில் விசா ஏஜென்டிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி, விசா கைக்கு வருமுன்பே டிக்கெட் போட்டார். பங்குச் சாமியார் பூசையில் பெயர் சொல்லி ஜெபித்துப் பொன்னாடை போர்த்தினார். மீரான் சாகிபின் மனைவி ராபியா பிரியாணி போட்டாள். பூரணி மிக்சியை ராபியாவுக்கும், மற்ற சாமான்களைக் கேட்டவர்களுக்கும் தூக்கிக் கொடுத்தாள். தெரு கூடி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரில் ஏற்றி அனுப்பியது.

புதுக்கோட்டை தாண்டவில்லை, ஏஜென்டிடமிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு தாள் குறைகிறதாம். அதை அனுப்பிவிட்டுப் பொறுமையாக இருந்தால், விசா ஒட்டிய பாஸ்போர்ட் வீட்டுக்கே தபாலில் வருமாம்.

பொன்னாடை வாங்கின தோளோடு எப்படித் தெருவில் போய் இறங்குவது? தெருவே சந்தைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள்.

மிக்சி இல்லாததால் பூரணி துவையலை உரலில் இடித்தாள். சத்தம் கேட்கக் கூடாதென்று சார் உரலுக்கு அடியில் தலையணையை வைத்தார். தலையணை கிழிந்தது. துவையலில் பஞ்சு. சாரின் மூக்கிலும் பஞ்சு. சாரின் தும்மல் ஊரறிந்தது; பள்ளிக்கூடத்தில் அவர் தும்மினால் கடைசி வகுப்பு வரை கப்சிப் என்று ஆகிவிடும். வாயில் துண்டை அடைத்துக்கொண்டும் அது வெடித்தே தீர்ந்தது.

அதே நேரம் பக்கத்து வீட்டு டிவி அலற ஆரம்பித்தது. அப்புறம் அது அடங்கவே இல்லை. காலையில் சீரியல், மத்தியானம் அதே சீரியல் மறுபடியும்.

"நாம இருந்தப்ப இம்புட்டுச் சத்தம் வச்சிருப்பாகளா? நம்ம போனதும் குளிர் விட்டுப் போச்சு!" என்று சார் பொருமினார்.

மறுநாள் மீரான் சாகிபு தம் ஆட்டோவைக் கொண்டுவந்து இவர்கள் முன்வாசலை அடைத்து நிறுத்தினார். அதற்கு மறுநாள் ராபியா நடுச்சுவரில் கயிறு கட்டி, இவர்கள் அடுப்படி ஜன்னலே மறையும்படி போர்வைகளைக் காயப்போட்டாள். காய்ந்த போர்வைகளை எடுக்கவும் இல்லை.

இதற்கிடையே தெருவின் வாட்ஸப் குழுவில் எல்லோரும் போட்டோ கேட்டார்கள். அனிதாவிடம் கடற்கரைப் படம் ஒன்று வாங்கி சார் போட்டுவிட்டார்.

"கடல் அழகு. சார் எங்கே?" என்று பங்குச் சாமியார் கேட்டார்.

சித்திரை வெயிலில் சார் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு, முற்றத்து வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்றார். பூரணி படம் எடுத்தாள்.

"முகமெல்லாம் ஈரமா இருக்கே?" என்றார் சாமியார்.

"கடல் சாரல் சாமி," என்று பதில் போட்டார் சார்.

அப்போதுதான் படத்தின் மூலையில் கறிவேப்பிலைக் கொத்து ஒன்று எட்டிப் பார்ப்பது யார் கண்ணிலோ பட்டுவிட்டது. 'கிரீஸ்ல ஏது கறிவேப்பிலை?' சார் யோசித்து முடிப்பதற்குள் ராபியாவே பதில் போட்டிருந்தாள்: 'அனிதா கொண்டுபோயி வச்சிருக்கும்.'

"வெள்ளந்தியான பொம்பளை, எதையும் நம்பிரும்," என்று சார் பெருமூச்சு விட்டார்.

ஆனால் சாயங்காலங்களில் ஜன்னல் இடுக்கில் காதை வைத்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் வெயிலைப் பற்றிப் பேசினார்கள், மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். அவரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பாதித் தெருவுக்கு எழுத்தறிவித்தவர் அவர். கிரீஸ் தள்ளிப்போனது கூட அவரை இந்த அளவுக்கு வருத்தவில்லை. அனுப்பும்போது அழுதவர்கள் அதற்குள் மறந்துவிட்டார்களே என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நாம இருந்த எடத்துல ஒரு ஆட்டோவ நிப்பாட்டிட்டாக. அம்புட்டுத்தான் நம்ம மதிப்பு," என்றார். "விசா வந்ததும் திரும்பியே பாக்காமப் போயிரணும் பூரணி. இந்தத் தெருவுல இனி நமக்கு யாரு இருக்கா?"

பூரணி அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

மறுநாள் முற்பகலில் பின்வாசல் கதவு மெல்லத் தட்டப்பட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சார், தபால்கார ஒச்சம்மா. ஸ்பீட் போஸ்ட். கையெழுத்து வேணும்."

திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் பாஸ்போர்ட் திரும்பிப் போகும். சார் அவசரமாக ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"ஒரு சின்ன ஜோலியா இப்பத்தான் வந்து எறங்குனோம்மா. உடனே திரும்பிப் போறோம்."

"சரிங்க சார்," என்று ஒச்சம்மாள் உறையை நீட்டினாள்.

சார் கையெழுத்துப் போட்டார். உறைக்குள் பாஸ்போர்ட்டுகள் தட்டுப்பட்டன. இருந்தும் ஏதோ உறுத்தியது.

"ஆமா, முன்வாசல் இருக்கப்ப நீ ஏன் பின்னாடி வந்தே?"

ஒச்சம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"முன்பக்கம் யாரும் தட்டிரக் கூடாதுன்னுதான சார் பாய் ஆட்டோவக் குறுக்க நிப்பாட்டியிருக்காக, அப்புறம், ராபியாக்காவுக்குத் தலைவலி தாங்கலையாம், இனிமே டிவிச் சத்தத்தக் கொறைச்சுக்கிரலாமா, இல்ல சாரு இன்னும் தும்முவாகளான்னு கேட்டு வரச் சொன்னாக."