தறிக்குழித் தவளைக்கு ஒரு விசாரணை

அறுபதுகளின் காஞ்சிபுரத்தில் யாரையுமே நம்பாத மனிதர் ஒருவர் இருந்தார். எங்கள் பள்ளித் தமிழாசிரியர். காமாட்சியம்மன் கோயில் குங்குமத்தையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இட்டுக்கொள்வார். அதனால் அவர் மோப்பம் சார். சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது, கேட்டால், "எதுக்குக் கேக்கற?" என்பார்.

காப்பியடித்த கட்டுரை என்றால் கழுகுக்கு மூக்கில் வேர்த்தாற்போல் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை வகுப்பே நோட்ஸைப் பார்த்து, ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டதாக எழுதியது. "பாலாத்துல வெள்ளமாடா? போன வாரந்தான் செருப்பு போட்டுக்கினு நடந்து போனேன்!" என்று அத்தனை பேரையும் பெஞ்சு மேல் ஏற்றினார்.

பிறகு மழைநாள் பற்றி எழுதச் சொன்னார். சிறந்த கட்டுரை செங்கல்பட்டில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போகும். எல்லார் கட்டுரையிலும் மயில் தோகை விரித்தது. எங்கள் வீட்டில் மயில் ஏது? அப்பா காலைத் தொங்கவிட்டுப் பட்டு நெய்யும் தறிக்குழியில் மழைத்தண்ணீர் ஊறி, தவளை வந்து உட்கார்ந்ததை நான் எழுதினேன்.

சார் தாளை முன்னும் பின்னும் திருப்பினார். "நல்லாருக்குது. அதான் இடிக்குது. எந்தப் புஸ்தகம்?"

"சத்தியமா நானே எழுதினது சார்."

"திருடறவனும் சத்தியந்தாம்பா பண்றான்."

அவர் கையெழுத்துப் போடாமல் கட்டுரை செங்கல்பட்டுக்குப் போகாது. சார் நூலகத்தைப் புரட்டினார். வாலாஜாபாத் சந்தையில் பழைய புத்தகம் விற்பவரின் கோணி வரை கிளறினார். தவளை அகப்படவில்லை. நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உங்க தறிக்குழியில தவளை வந்துதா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழியில் ஈரம் என்று முதலாளி காதில் விழுந்தால், பட்டு பாழாகிவிடும் என்று நெய்யக் கொடுக்க மாட்டார். "தவளையா? பட்டு நெய்யற எடம் சார் இது! எவன் சொன்னான்?" என்றார். அப்பாவின் பிழைப்பு தப்பியது. என் மானம் கப்பலேறியது.

அடுத்த முறை மழை கொட்டிய மாலை, ஓட்டைக் குடையோடு சார் மறுபடியும் வாசலில் நின்றார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பாத்து வாங்க சார், தவளை கெடக்குது" என்று சொல்லிவிட்டாள்.

சார் குழியருகே குத்துக்காலிட்டுத் தவளையை முறைத்தார். "இது எப்பவும் வர்றதா, எனக்காவ இன்னிக்குப் புடிச்சாந்து வுட்டதா?"

"எப்பவும் வர்றதுதான் சார்," என்றார் அப்பா, குரல் இறங்கி. "முதலாளி காதுக்கு மட்டும் போவக்கூடாது."

"செங்கல்பட்டுல போயி உங்க முதலாளி கட்டுரையா படிச்சிக்கினு இருக்கப் போறாரு?" என்ற சார், இடுப்பு மடியிலிருந்து என் கட்டுரையை எடுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பரிசு வேறு ஊர்ப் பையனுக்குப் போனது. "அவன் எதைப் பாத்து எழுதினானோ!" என்று சார் மாதக்கணக்கில் புலம்பினார்.

அதற்கப்புறம் நானும் எத்தனையோ எழுதிவிட்டேன். பாராட்டுகிறவர்களில் பாதிப் பேர் படிக்காமலேயே பாராட்டுகிறார்கள். நான் எழுதிய ஒரு வரி மெய்தானா என்று மழையில் நனைந்துகொண்டு வந்து பார்த்தவர் அந்தச் சந்தேகப் பிராணி ஒருவர்தான். அவர் மேல் எனக்கு இன்னும் கொள்ளைப் பிரியம்.