மனோமின் என்று சரியாகச் சொன்னவர்

நிலவணக்கக்காரர் என்றொரு இனம் உண்டு, தெரியுமா? கனடாவில் எங்கள் ஏரிக்கரையில் கொசுவுக்கு அடுத்தபடி அதிகம் தென்படுவது இதுதான். நாலு பேர் கூடினால் போதும், எழுந்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, "நாம கூடியிருக்கிற இந்த மண் அனிஷினாபே ஆதிகுடி மக்களோடது" என்று தொடங்கி, குரல் தழுதழுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, அந்த மக்களின் மொழியிலேயே "மீக்வெச்", அதாவது நன்றி, என்று முடித்த பிறகுதான் காப்பியைத் தொடும். மண்ணைத் திருப்பிக் கொடுக்குமா? அட, போங்கள்!

எங்கள் கோடைவீட்டார் சங்கத் தலைவர் டங்கன் இந்த இனத்துக்கே ராஜா. "அனிஷினாபே" என்ற சொல்லைக் குளியலறைக் கண்ணாடி முன் மூன்று வாரம் பழகியவர். போன சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அக்கரைக் குடியிருப்பிலிருந்து அனிஷினாபேப் பெண்மணி லோர்னாவே வந்து உட்கார்ந்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார்.

லோர்னா வணக்கம் கேட்க வரவில்லை. அன்றைய தீர்மானம், படகு மோட்டாரில் சிக்கும் களையை இயந்திரம் வைத்து வெட்டுவது.

"அது களை இல்ல, டங்கன். ஏரித் தண்ணியில தானா விளையுற எங்க அரிசி. காலங்காலமா அங்கதான் படகுல போய்த் தட்டி எடுக்கிறோம். இன்னும் ஆறு வாரத்துல விளைஞ்சிடும். இப்ப வெட்டினா அடுத்த வருஷத்துக்கு விதைகூட மிஞ்சாது."

டங்கனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "களைன்னா எழுதியிருக்கோம்? அடடா, என்ன அவமானம்! உங்க மொழியில அதுக்கு என்ன பேரு?"

"மனோமின்."

"மனோ...மின். மனோமின். சரியாச் சொல்றேனா?"

"சரியாத்தான் சொல்றீங்க."

அவ்வளவுதான். பேனாவை எடுத்தார். "களை" என்ற சொல்லை, ஏதோ ஜன்மப் பாவத்தைத் துடைப்பவர்போல், மூன்று கோடு போட்டு அடித்தார். எழுந்து கணீரென்று வாசித்தார்: "திருத்தின தீர்மானம். மனோமினை இயந்திரம் வச்சு வெட்டுறது. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க!"

நெஞ்சில் இருந்த கைகளெல்லாம் நேராக மேலே போயின.

"மீக்வெச், லோர்னா," என்றார் டங்கன் கண்கலங்கி. "இன்னிக்கு நிறையக் கத்துக்கிட்டோம்."

லோர்னா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அரிசியையும் எடுத்துக்கிட்டீங்க, அதோட பேரையும் எடுத்துக்கிட்டீங்க. நன்றியையும் நீங்களே சொல்லிட்டா, எனக்குன்னு என்னய்யா மிச்சம்?"

டங்கன் பக்தியோடு தலையாட்டி, அதையும் குறித்துக்கொண்டார்.

இயந்திரம் திங்கட்கிழமை வருகிறது.

டங்கனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். லோர்னாவுக்காக உச்சுக்கொட்டவும் செய்தீர்கள், கவனித்தேன். அப்போது உங்கள் வலது கை எங்கே போயிற்று என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள்.