தலைமாட்டிலிருந்து பார்த்த பல்

குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரத்தில் குழந்தையைவிட அப்பன்காரனுக்குத்தான் புத்தி தடுமாறும். மற்ற அப்பன்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஒத்துக்கொள்கிறேன், வேறு வழியில்லை.

ஐம்பதுகளின் கடைசி. புதுக்கோட்டையில் எனக்கு குமாஸ்தா வேலை. மூத்தவள் செல்விக்கு ஏழெட்டு மாசம். வாயெல்லாம் ஜொள்ளு, உடம்பு லேசாகச் சுடும், ஓயாத அழுகை. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்தாள் (என் செருப்பு வார் உட்பட). என் மனைவி மீனாட்சி ஒழுங்காகத் தூங்கியே ரொம்ப நாளாகியிருந்தது.

அன்று காலை அவள் அடுப்படியில் இருந்தாள். பாயில் மல்லாந்து கிடந்து கத்திய பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, குனிந்து, விரலை விட்டு ஈறைத் தடவினேன். சுருக்கென்றது. வாயைத் திறந்து பார்த்தால், அரிசி முனை மாதிரி வெள்ளையாக ஒன்று.

“மீனாட்சி, பல்லு வந்துருச்சு! மேல்பல்லு!”

உள்ளே கரண்டி விழுந்தது. “ஐயையோ! மேல்பல்லு மொதல்ல வந்தா தாய்மாமனுக்கு ஆகாதுங்களே! வெள்ளிக்கிழமை அண்ணனுக்குப் பாக்கு மாத்துறாங்களே!”

ஓடிவந்து பார்க்கப் போனாள். பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டது.

அவள் அண்ணன் கீரனூர்க்காரர். முப்பது தாண்டியவர். எத்தனையோ இடம் தட்டிப்போய், ஆவுடையார்கோவிலில் அப்போதுதான் ஒரு பெண் அமைந்திருந்தது. நான் சும்மா கிடந்திருக்கலாம். கிடந்தேனா? பஸ் பிடித்துக் கீரனூர் போய், திருச்சி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

“மேல்பல்லா மாப்ளே? நல்லாப் பாத்தீங்களா?”

“எங்கண்ணு என்ன மச்சான் அவிஞ்சா போச்சு?”

மனுஷர் வெளிறிப்போனார். ஆபீசுக்குப் போகாமல் நேரே தபாலாபீசில் நுழைந்து, நிச்சயத்தை நிறுத்தச் சொல்லிப் பெண் வீட்டுக்குத் தந்தி அடித்துவிட்டார். பிறகு, “பிள்ளை முகத்தை ஒரு தடவ பாத்துக்கிறேன்” என்று என்னோடு கிளம்பினார் (கடைசியாகப் பார்க்கிற தோரணையில்).

வீட்டில் செல்வியைத் தூக்கி மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தார். அது மாமனைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தது. பல் கீழே இருந்தது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மீனாட்சிக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

“ஏங்க, எங்கிட்டு ஒக்காந்து பாத்தீங்க?”

“தலைமாட்டுல.”

“அங்கிட்டு இருந்து குனிஞ்சு பாத்தா கீழ்வாய் மேலதானே தெரியும்? மனுஷனுக்குக் கொஞ்சமாச்சும் கூறு வேணாமா!”

“ஐயோ, தந்தி!” என்று மச்சான் எழுந்தார்.

ஆவுடையார்கோவிலுக்கு ஓடினோம். தந்தி முந்திக்கொண்டது. பெண்ணின் தகப்பனார் வாசலிலேயே மறித்தார். “எம்பொண்ணுகிட்ட என்ன குறையக் கண்டீங்க?”

மச்சான் என்னை முன்னால் தள்ளிவிட்டார். நான்தான் சொன்னேன், பாய், தலைமாடு, குனிந்தது எல்லாம். அவமானம் பிடுங்கித் தின்றது. என்னால் ஒரு கல்யாணம் நின்றுபோகுமோ என்று பயம் வேறு. பெரியவர் முகம் இளகவே இல்லை. அப்போது உள்ளேயிருந்து அடக்க மாட்டாத ஒரு சிரிப்பு. பெண்தான்.

“அப்பா, வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க. ஆனா என்னையப் பாத்தப்பவாவது இவங்க நேரா நின்னு பாத்தாங்களான்னு கேட்டுக்கங்க.”

பெரியவரும் சிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை பாக்கு மாறியது. ஆனால் மச்சான் மனைவியாக வந்த பிறகும் அந்த அம்மாள் என்னை விட்டபாடில்லை. மழை வரும் என்று நான் வானத்தைப் பார்த்துச் சொன்னால் போதும், “தலைமாட்டுல இருந்து பாத்தீங்களாண்ணே?” என்பார்.

போன மாசம் செல்வி தன் பிள்ளையின் பல்லுக் கொழுக்கட்டைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

“கீழ்ப்பல்லுதாம்ப்பா. தாய்மாமன்காரன் நம்ம தம்பியே நேர்ல வந்து பாத்துட்டுப் போயிட்டான். நீங்க சாப்பிட மட்டும் வாங்க.”