புதுப் போன் வேண்டாம், மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு நீங்களும் எங்கள் மகளும் நலம் என்பதை நேற்று மாலையே கேட்டுத் தெரிந்துகொண்டேன். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயத்துக்கு இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். அதில் நான் பேசினால் உங்கள் அத்தைக்கு மட்டுமல்ல, கீழ்வீட்டுக்கும் கேட்கும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

எங்கள் போனுக்கு வயதாகிவிட்டது, மாதக் கடைசியில் புதியது ஒன்று வாங்கி அனுப்புகிறேன், கறுப்பா நீலமா என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பெரிய மனசுக்கு நன்றி. கறுப்பும் வேண்டாம், நீலமும் வேண்டாம்.

இப்போதைய போன் எட்டு மாதத்துக்கு முன் புத்தக அலமாரியின் மேல்தட்டிலிருந்து விழுந்தது. தூசி தட்டும்போது அதை அகராதிமேல் வைத்தவன் நான்தான். நல்லவேளை, அகராதி விழவில்லை என்று உள்ளூர ஒரு நிம்மதி. அதை உங்கள் அத்தையிடம் இன்றுவரை சொல்லவில்லை. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காதுல வச்சா இனிமே கேக்காது சார். ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். பேசாம புதுசு வாங்கிடுங்க" என்றார். முப்பத்தோரு வருடம் நூலகத்தில் உதட்டில் விரலை வைத்தே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் கையில் ஊருக்கே கேட்கிற போன்! எடுத்ததும் ஸ்பீக்கரை அமுக்குவது எங்கள் இருவருக்கும் பழகிவிட்டது. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது என் மச்சினர் கூப்பிட்டு, "அந்த ஆளுகிட்டயா போயிருக்கீங்க? வலிக்கிற பல்ல விட்டுட்டுப் பக்கத்துப் பல்லப் புடுங்குவாரே!" என்றார். காத்திருந்த ஆறு பேரில் மூன்று பேர் எழுந்து போனார்கள். என் முறை சீக்கிரமே வந்துவிட்டது. டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, கையில் கொறடுடன் வெகுநேரம் நின்றார். அடுத்த வாரம் உங்கள் அத்தையின் தங்கை, "அந்தக் கஞ்ச மகாபிரபு இன்னுமா தண்ணி மோட்டார மாத்தல?" என்று கேட்டபோது, கஞ்ச மகாபிரபுவான எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கு மாத்திடறேம்மா" என்று போனைப் பார்த்துத்தான் பதில் சொன்னார், எங்களைப் பார்க்கவில்லை. மாற்றியும் விட்டார். நான் இரண்டு வருடமாக விண்ணப்பம் எழுதி நடக்காத காரியம் அது.

இவ்வளவு பட்டும் வேண்டாம் என்கிறானே, கிழவனுக்குப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் சொன்ன மறுநாளே கடைக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த பெண், புதிய போனில் மூன்று கேமரா இருக்கிறது என்றாள். என் முகத்துக்கு ஒன்றே அதிகம் என்றேன். பத்தாயிரம் புத்தகம் உள்ளே வைக்கலாம் என்றாள். அத்தனை புத்தகத்தையும் துடைத்து வைத்துவிட்டுத்தானம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்றேன். கடைசியில் அவள், "இதுல முக்கியமே சவுண்டுதான் சார். காதுல வச்சா கணீர்னு கேக்கும். பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை கேக்காது" என்றாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? சொல்லிவிடுகிறேன். என் மகள் என்னோடு பேசும் பேச்சு உங்களுக்கே தெரியும். "நல்லா இருக்கீங்களாப்பா?" "ம்." "மாத்திரை போட்டீங்களா?" "ம்." "சரி, அம்மாகிட்ட குடுங்க." இதில் அவள் தப்பு ஒன்றுமில்லை. சின்ன வயதில் அவள் எதையாவது சொல்ல ஓடிவந்தால் என் விரல் தானாக உதட்டுக்குப் போய்விடும். உத்தியோக தோஷம். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு அவளும் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொண்டுபோக ஆரம்பித்துவிட்டாள். முன்பெல்லாம் உங்கள் அத்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய் முக்கால் மணி நேரம் பேசுவாள். வெளியே வந்ததும் என்ன சொன்னாள் என்று கேட்டால், "நல்லா இருக்காளாம்" என்பாள். அவ்வளவுதான்.

போன் விழுந்ததிலிருந்து நான் கூடத்தில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தையும் முழுசாகக் கேட்கிறேன். அவளுடைய மேலதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசுவது, உங்கள் பால்கனியில் புறா முட்டையிட்டது, நீங்கள் ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது உட்பட எல்லாம் தெரியும். துண்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. பழக்கம் விடாமல், மிச்சமிருந்த நூலக அட்டைகளில் தேதிவாரியாகக் குறித்தும் வைத்திருக்கிறேன். போன மாதம் பதவி உயர்வு கைநழுவிப் போனதென்று அழுதாளே, அன்று, "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்றாள். எனக்குச் செய்தித்தாளில் ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. மறுநாள் அவள் மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். "என்னப்பா கேட்டீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, "சாப்பிட்டேம்ப்பா" என்றாள்.

ஒட்டுக்கேட்பது கேவலம்தான், எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் புதுப் போன் வந்தால் நான் பழையபடி "நல்லா இருக்காளாம்" என்பதோடு மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும். என்னால் முடியாது, மாப்பிள்ளை. ஆகவே சரக்கு இல்லை, நல்லதாக அமையவில்லை என்று எதையாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடுங்கள். தாய், மகள் இருவரிடமும் மூச்சு விடவேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒற்றுமையாக, அடிக்கடி இங்கே போன் செய்துகொண்டு நெடுநாள் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: தபால்தலை எங்கே இருக்கிறது என்று உங்கள் அத்தையிடம் கேட்டுத் தொலைத்தேன். "கடுதாசியா? யாருக்கு?" என்று வாங்கியவள் நின்றபடியே முழுவதும் படித்துவிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "மோட்டார் விஷயமா வீட்டுக்காரர் வந்துட்டுப் போனாரே, அதுக்கு மறுநாளே வேற கடையில குடுத்து சரி பண்ணிட்டேன். ஏழு மாசமா காதுல வச்சாலும் நல்லாத்தான் கேக்குது. நாந்தான் ஸ்பீக்கர அமுக்கிட்டு உங்க பக்கத்துல வந்து உக்காருறேன்" என்றாள். அவளுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "யாருக்கு, உங்க பொண்ணுக்கா? ஸ்பீக்கர்ல போடும்மான்னு சொன்னதே அவதான்." அப்படியென்றால் "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்று அன்று அவள் சொன்னதும் எனக்குக் கேட்கட்டும் என்றுதான். எனக்குக் கொஞ்ச நேரம் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது, மாப்பிள்ளை. எனவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுத்தள்ளிவிட்டுப் போனை அனுப்பிவையுங்கள். கறுப்போ நீலமோ, உங்கள் இஷ்டம். ஸ்பீக்கர் நன்றாகச் சத்தமாகக் கேட்கிறதா என்று மட்டும் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கவும்.